குளிக்கிற காட்சிக்குக் குளித்துவிட்டுப் போனோம்

என் மருமகளின் தலையில் இருப்பது அவள் முடி இல்லை என்பது அந்த வேனில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மற்றவர்கள் எல்லாம் எங்கள் சந்துப் பெண்கள். தாராவியில் எங்கள் சந்தில் ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இதை நான் மூடி வைத்திருந்தேன்.

எனக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்திருந்தவள் முறுக்கு போட்டு விற்கிறவள். என்னைவிடச் சின்னவள். அவளுடைய மகனுக்கு என் மருமகளின் தங்கையைப் பேசியிருந்தோம். பூ வைக்கவில்லை, தட்டு மாற்றவில்லை, பேச்சு மட்டும்தான். வெறும் பேச்சு எந்த நேரமும் திரும்பிப் போகும். அவள் மடியில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு, முன் சீட்டில் இருந்த என் மருமகளின் பின்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கண்ணை அங்கிருந்து திருப்ப நான் எதையாவது கேட்டுக்கொண்டே வந்தேன்.

மருமகளுக்கு மார்பில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்து, அப்புறம் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். முடி கொத்துக் கொத்தாக வந்தது. ஒரு நாள் நானே மீதியை மழித்துவிட்டேன். சந்தில் கேட்டவர்களுக்கு, தாணேயில் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னேன். மருந்து முடிந்து, டாக்டர் இனிப் பயமில்லை என்று சொன்ன பிறகு, என் மகன் எங்கோ அலைந்து பொய் முடி வாங்கி வந்தான். அதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இளைத்துவிட்டாயே என்றார்கள். தாணேத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. ஆனால் அக்காவுக்கு வந்தது தங்கைக்கும் வரும் என்று ஒருத்தி வாய் திறந்தால் போதும், அந்தச் சின்னப் பெண்ணை எங்கள் ஆட்களில் யாரும் எடுக்க மாட்டார்கள். தகப்பன் இல்லாத பெண், அக்காவுக்குத் துணையாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இந்த ஒரு இடம்தான் தானாக வந்த இடம்.

அப்படி இருக்கும்போது எதற்கு அவளையும் கூட்டிக்கொண்டு ஷூட்டிங்குக்குப் போனாய் என்று கேட்கலாம். சந்துப் பெண்கள் எல்லாரும் போகும்போது அவள் மட்டும் போகாவிட்டால் அதுவே ஒரு பேச்சு. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவளே கேட்டாள்.

"நானும் வாரேன் அத்த. சொவரப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு நோவுது."

கிளம்பு என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் எங்கள் பக்கத்துப் பையன்தான். ரோமாபுரி ராஜாக்கள் ஆண்ட காலத்தில் எகிப்து தேசத்துக் கடற்கரையில் ஒரு ஊர், அங்கே சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுக்கிறார்கள், வெயிலில் காய்ந்த முகம்தான் வேண்டுமாம் என்றான்.

"குளிக்கிற சீன் பெரியம்மா. ஒடம்பு தெரியாது, போர்வை மாதிரித் துணி குடுப்பாவ. எண்ணெ தேச்சு, தல சீவி, சும்மா பேசிக்கிட்டு இருக்கணும். நம்ம ஆட்களுக்கு நடிக்கவே வேண்டாம்."

குளிக்கிற சீன் என்று அவன் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பிறத்தியார் இடத்துக்கு அழுக்கு உடம்போடு போகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அதுவும் தாராவிக்காரி என்றால் மூக்கைப் பொத்துகிறவர்கள் இருக்கிற ஊர் இது. அன்றைக்குக் காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் சந்து முழுக்கச் சீயக்காய் வாசம். ஒருத்தி விடாமல் நல்லெண்ணெய் தேய்த்து, தலைக்கு ஊற்றி, ஈரம் உலர்ந்ததும் தேங்காயெண்ணெய் தடவி வாரி, பூ வைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வேனில் ஏறினோம். எல்லார் தலையும் மினுங்கும்போது தன் தலை மட்டும் காய்ந்த நார் மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று, மருமகளும் அந்தப் பொய் முடியில் எண்ணெய் தடவியிருந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அது மண்டையில் நிற்பது உள்ளே ஒட்டுகிற ஒரு நாடாவால் என்பதை அந்த நேரம் அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

செம்பூரில் ஒரு பழைய கிடங்குக்குள் அந்த ஊரைக் கட்டி வைத்திருந்தார்கள். கல் மாதிரி தெரிகிற தூண்கள், தட்டினால் டப்பா சத்தம். நடுவில் ஒரு குளம். அதில் டேங்கர் தண்ணீரை ஊற்றி ஆவி பறக்க விட்டிருந்தார்கள். ஒரு குடத்துக்காக நாங்கள் சண்டை போடுகிற தண்ணீர்.

காதில் வயர் மாட்டிய ஒருவன் எங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தான். அவன் முகம் விழுந்துவிட்டது.

"அரே, குளிக்க வரச் சொன்னா எல்லாம் குளிச்சிட்டு வந்து நிக்குதே" என்று இந்தியில் தலையில் அடித்துக்கொண்டான். குளிப்பதற்கு முன்னால் அழுக்காக இருக்கிற ஜனங்கள்தான் அவனுக்கு வேண்டுமாம்.

முறுக்குக்காரி விடவில்லை. "நாங்க என்ன ஒன் வீட்டுத் தண்ணியிலயா குளிச்சோம்? குளிச்சவள பழையபடி அழுக்காக்குத ஊர இன்னைக்குத்தாம் பாக்கேன்."

அவனுக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் சிரித்தோம். மருமகளும் சிரித்தாள். சிரித்தபடியே காதுக்கு மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு முதல் பயம் வந்தது.

பூவை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டு, சாம்பலும் முல்தானி மண்ணும் கலந்த ஒரு பொடியை எங்கள் மேல் தட்டினார்கள். எண்ணெய்த் தலையில் அது அப்பிக்கொண்டது. அதைச் செய்தவள் ஒரு மராத்திப் பெண். என்னை மாவ்ஷி, மாவ்ஷி என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். பொடி போட்டுக்கொண்டே, மேஜையில் பரப்பி வைத்திருந்த சாமான்களைப் பற்றிச் சொன்னாள். எலும்பில் செய்த சீப்பு, இரண்டு பக்கமும் பல், ஒரு பக்கம் பேனுக்கு. காது குடைகிற சின்னக் கரண்டி. விரல் உயரத்துக்குக் கண்ணாடிக் குப்பி, அதில் வாசனைத் தைலம். அரிவாள் மாதிரி வளைந்த ஒரு தகடு. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, அழுக்கோடு சேர்த்து அதால் வழித்து எடுப்பார்களாம். தரைக்கு அடியில் தீ மூட்டி வெந்நீர் அறையைச் சூடாக்குவதால் கால் சுடாமல் இருக்க மரச் செருப்பு. ஏழைகளும் வருவார்களாம். உள்ளேயே தின்பண்டம் விற்பார்களாம்.

"முறுக்கும் விப்பாவளா?" என்று முறுக்குக்காரி கேட்டாள்.

"துணியைக் கழற்றி வைத்தால் திருட்டும் போகும்" என்றாள் அந்தப் பெண். அந்த ராஜாங்கம் பலம் குறைந்து போன காலமாம். ஊருக்குத் தண்ணீர் வருகிற கால்வாய் உடைந்தால் சரி செய்ய ஆள் வராதாம். ஆனாலும் ஜனங்கள் குளிக்கிறதையும் தலை வாருகிறதையும் விடவில்லையாம். கக்கூஸ் மட்டும் நீளமாகக் கல் பலகை போட்டு, வரிசையாக ஓட்டை வைத்து, நடுவில் தடுப்பே இல்லாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டே போவார்களாம்.

"நம்ம கக்கூஸ்ல கதவாவது இருக்கு, யக்கா" என்றாள் முறுக்குக்காரி என்னைப் பார்த்து. "தாப்பா இல்லாட்டாலும்."

அப்புறம் அந்தப் பெண் ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே முடி. கறுப்பு, செம்பட்டை, மஞ்சள் என்று சவுரி சவுரியாக முடி. அந்தக் காலத்தில் பெரிய வீட்டுப் பெண்கள் அடுத்தவள் முடியைத்தான் தலையில் கட்டிக்கொள்வார்களாம். சண்டையில் பிடித்துக்கொண்டு வந்த வெளிதேசத்துப் பெண்களின் மஞ்சள் முடிக்கு அத்தனை கிராக்கியாம். குளிக்க வந்தால் அதைக் கழற்றி வேலைக்காரி கையில் கொடுத்துவிடுவார்கள், அதில் ஒரு வெட்கமும் கிடையாது என்றாள். நான் மருமகளைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை.

டைரக்டர் கண்ணாடி போட்ட, கொஞ்சம் இந்தி பேசுகிற ஒரு அம்மாள். வரிசையில் வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் மருமகளின் முன்னால் நின்றுவிட்டாள். மெலிந்த கன்னம், பெரிய கண். மருந்து செய்த வேலை அது. அந்த அம்மாளுக்கு அது சிலை மாதிரி தெரிந்திருக்கிறது. இவளை நடுவில் உட்கார வை, தலை வாருகிற காட்சி இவளுக்கு, இந்தப் பின்னலை அவிழ்த்துவிட்டு நம் முடியைக் கட்டு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மராத்திப் பெண் கையில் ஊசி நூலோடு வந்தாள். அந்தக் காலத்தில் முடியை ஊசி நூலால்தான் தைப்பார்களாம். சுற்றிலும் எங்கள் பெண்கள். ஒரு மறைப்புக் கிடையாது. முறுக்குக்காரி ஒரு கை தூரத்தில் நின்றாள்.

நான் குறுக்கே போய் நின்றேன். "இவ தலையில வேற ஆள் கை படக்கூடாது. முருகனுக்கு நேர்ந்துவிட்ட தலை" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"மன்னத்தா மாவ்ஷி?" என்றாள் அவள். நேர்ச்சை என்றால் இந்த ஊரில் யாருக்கும் விளங்கும். "அப்ப நீங்களே பண்ணுங்க. வேலைக்காரியா நீங்களே உக்காருங்க." இப்படித்தான் நான் அந்தப் படத்தில் தலை வாருகிற வேலைக்காரி ஆனேன். பின்னலை அவிழ்த்துப் பரத்திவிட்டேன், அவர்கள் முடியைக் கட்டவில்லை.

"என்ன நேர்ச்ச யக்கா? எங்கிட்டச் சொல்லவேயில்லயே" என்றாள் முறுக்குக்காரி.

"எல்லாத்தையும் சொல்லிட்டா செய்யாவ?"

"சம்பந்தம் பண்ணப் போற எடம். கேக்கக் கூடாதா?"

"நெறவேறுனப் பொறவு சொல்லுதேன்."

அவள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். காய்கிற எண்ணெயைப் பார்க்கிற பார்வை அது.

மருமகளைக் குளத்தோரம் கல் பலகையில் உட்கார வைத்தார்கள். பின்னால் நான், கையில் எலும்புச் சீப்பு. எதிரே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு முறுக்குக்காரி. அவளை அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள். அவள் பார்க்க வேண்டியதே எங்களைத்தான்.

விளக்கைப் போட்டார்கள். சூடு இறங்கியது. தண்ணீரின் ஆவி ஒரு பக்கம். மருமகளின் கழுத்தில் வேர்வை கோடு கோடாக இறங்குவது தெரிந்தது. சீப்பை மேலோட்டமாக வைத்து இழுத்தேன், முடியின் நுனியை மட்டும். "மேலேர்ந்து மாவ்ஷி, உச்சியிலேர்ந்து" என்று எவனோ கத்தினான்.

உச்சியில் வைத்தேன். மொத்தமும் என் கையோடு அசைந்தது.

"அத்த, சறுக்குது" என்றாள் உதடு அசையாமல்.

"அனங்காம இரு."

"நிக்காது அத்த."

எண்ணெய், வேர்வை, ஆவி. நாடா விட்டுவிட்டது. முன்நெற்றியில் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கிறது. இன்னொரு இழுப்பு இழுத்தால் சீப்போடு வந்து பாதி காதில் தொங்கும். நிறுத்தினாலும் என்னவென்று கேட்டு ஓடி வருவார்கள். எதிர்ப்பக்கம் முறுக்குக்காரி காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

தங்கைக்காரியின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. அக்கா அசந்து படுத்திருக்கும்போது அவள் வாந்திப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம். பாதி தொங்குகிற முடியோடு என் வீட்டுப் பெண் பத்துப் பேர் முன்னால் கேலிக்கு நிற்க மாட்டாள். எடுத்தால் முழுசாக, நானே எடுக்கிறேன்.

சீப்பைக் கீழே வைத்தேன். இரண்டு கையாலும் அந்த முடியைக் கிரீடத்தைத் தூக்குகிற மாதிரித் தூக்கினேன். மடித்து என் பக்கத்தில் கல்லின் மேல் வைத்தேன், தினமும் வைக்கிறவள் மாதிரி. கண்ணாடிக் குப்பியிலிருந்து தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி அவள் மொட்டைத் தலையில் தேய்த்தேன். நெற்றியிலிருந்து பிடரிவரை, காதுக்குப் பின்னால், வட்டமாக. அவள் முதலில் விறைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

"கட்" என்றாள் டைரக்டர் அம்மாள். பிறகு, "மொட்டை மாதிரி தெரிய அந்த ரப்பரை யார் மாட்டியது? என்னிடம் சொல்லவேயில்லையே. அருமையாக இருக்கிறது" என்றாள்.

மராத்திப் பெண் என்னைப் பார்த்தாள். மருமகளின் தலையைப் பார்த்தாள். "நான்தான் மேடம்" என்று கையைத் தூக்கினாள்.

எங்கள் பெண்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். "ஏளா, எப்பம்ளா மாட்டுனாவ? நாங்க பாக்கவேயில்லயே." "மேக்கப்புளா, முட்டத் தோடு மாதி செஞ்சிருக்காவ." "வலிக்காளா?" மருமகள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர்களாகவே ஒரு பதிலைச் செய்துகொண்டார்கள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அப்போது முறுக்குக்காரி வந்தாள். ஈரக் காலோடு மெதுவாக வந்து, மருமகளின் உச்சியில் இரண்டு விரலை வைத்தாள். எண்ணெய் காய்ந்ததா என்று விரலை மேலே காட்டியே சொல்லிவிடுகிறவள். விரலை எடுக்கவில்லை. மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினாள். அங்கே பூனை முடி மாதிரி புதிதாக முளைத்திருப்பது எனக்குத் தெரியும். பிறகு கையை எடுத்து, விரலில் ஒட்டிய எண்ணெயைத் தன் துணியில் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

நான் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு அவளுக்கு எட்டத்தில் போய் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வேன் சுனாபட்டிப் பக்கம் நெரிசலில் நின்றுவிட்டது. எல்லார் மேலும் இன்னும் சாம்பல். டிரைவர் ரேடியோவில் எவனோ சிரித்துச் சிரித்துப் பேசினான். மருமகள் முடியை மறுபடி வைத்து முந்தானையால் இறுக்கிப் போர்த்தியிருந்தாள். முறுக்குக்காரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள்.

மருமகள் திரும்பினாள். முந்தானையை எடுத்தாள். முடியையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமி, இது மேக்கப்பு இல்ல. என் தலயே இதுதான். எனக்குச் சீக்கு வந்துச்சு. தாணேக்கெல்லாம் போவல, ஆஸ்பத்திரியிலதான் கெடந்தேன். மருந்து முடிஞ்சுட்டு."

நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன், போதும் என்று. அவள் என் கையை விலக்கவில்லை, ஆனால் முடியைத் திரும்ப வைத்துக்கொள்ளவும் இல்லை.

"தெரியும்" என்றாள் முறுக்குக்காரி. "தொட்டுப் பாத்தேம்லா. ரப்பர் சுடுமா?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நேர்ச்சன்னீயளே யக்கா."

"நேர்ச்சதான்."

"எதுக்கு?"

"இவ உசுருக்கு."

வேன் கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. பின் சீட்டில் ஒருத்தி, "அப்பம் மண்டையில மாட்டுனது?" என்று ஆரம்பித்தாள். "ஒண்ணும் மாட்டல. வாய மூடிக்கிட்டு வா" என்றாள் முறுக்குக்காரி.

எங்கள் பெண்ணை இரக்கப்பட்டு யாரும் எடுக்க வேண்டாம், வேண்டாம் என்றால் இங்கேயே சொல்லிவிடு என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அந்த நேரம் என் கௌரவத்தைவிடச் சின்னப் பெண்ணின் வாழ்க்கை பெரிதாக இருந்தது.

சயானைத் தாண்டும்போதுதான் அவள் மறுபடி வாய் திறந்தாள். "முடி எப்பம் மொளைக்குமாம்?"

"மொளைக்க ஆரம்பிச்சுட்டு மாமி."

"பூ நிக்கிற அளவு வளரட்டும். அன்னைக்குத் தட்டு மாத்துவோம். அக்காக்காரி தலையில பூ இல்லாம நின்னா போட்டோவுல நல்லாவா இருக்கும்?"

இதைத்தான் சொன்னாள். அவள் நல்ல மனதோடு சொன்னாளா, இல்லை இவள் உயிரோடு நிலைப்பாளா என்று பொறுத்துப் பார்ப்பதற்கு ஒரு சாக்காகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கலாம். ஒரு மகனைப் பெற்றவள் அப்படிக் கணக்குப் பார்ப்பதில் தப்பும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் பார்த்திருப்பேன்.

சந்துக்கு இப்போது எல்லாம் தெரியும். அக்காவுக்கு வந்தது தங்கைக்கும் வரும் என்று என் காதுபட யாரும் சொல்லவில்லை. காது படாமல் சொல்லியிருப்பார்கள். ஏஜென்ட் பையன் ஒரு நாள் அந்தக் காட்சியை மொபைலில் கொண்டு வந்து காட்டினான். அதில் நான் ஏதோ கோயில் வேலை செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தேய்க்கிறேன். மருமகள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கேன், என்ன அத்த" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பொய் முடி டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை தோறும் முறுக்குக்காரி வருவாள். கையில் வாழையிலைத் துண்டில் கொஞ்சம் மல்லிகை. "சும்மாதான் வந்தேன் யக்கா" என்பாள். மருமகளைத் திருப்பி உட்கார வைத்து, பிடரியில் பூவை வைத்துப் பார்ப்பாள். வழுக்கி விழும். "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி, அந்தப் பூவைச் சாமி படத்துக்குச் சார்த்திவிட்டுப் போவாள். போன வாரம் இரண்டு கொண்டை ஊசியை மாட்டினாள். ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. தங்கைக்காரி சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் வியாழக்கிழமையானால் அவளுக்குக் கை ஓடாது, சோற்றைக் குழைய விட்டுவிடுவாள்.

இன்றைக்கு வியாழக்கிழமை. முடி இப்போது விரல் நீளத்துக்கு வந்து சுருண்டு நிற்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளவா அத்த, நாளைக்கு மினுக்கமாக இருக்குமே என்று மருமகள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எண்ணெய் வைத்தால் ஊசி வழுக்கும். சீயக்காய் மட்டும் போட்டு அலசி, நன்றாகக் காய விட்டு வைக்க வேண்டும்.